தம்பிமாரைப் பற்றி அவர் எழுதியவை

போன மாதம் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு போலந்துக் கடையைத் தாண்டும்போது, சீரகம் மாதிரி ஏதோ விதை போட்டுச் சுட்ட கறுப்பு ரொட்டியின் வாசம் வந்தது. எனக்கு அது யானின் வாசம்.

எண்பதுகளில் நான் அகதியாக வந்து வேலைக்குச் சேர்ந்த பேக்கரியில் மாவு பிசைந்தவர் யான். செக் நாட்டவர். ரஷ்ய டாங்கிகள் பிராகுக்குள் வந்தபோது தப்பி வந்தவர். எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவுக்கு ஓட்டை. அதனாலோ என்னவோ நன்றாக விளங்கிக்கொண்டோம்.

அப்போது எனக்குப் பழைய ரஷ்ய எழுத்தாளர் ஒருவர்மேல் பைத்தியம். பெயரை விடுங்கள். ஊரில் அவரை எனக்கு வாசிக்கத் தந்தவர் இடதுசாரிக் கட்சிக்காரரான சிவம் அண்ணை. லண்டனிலும் அவருடைய அறையில்தான் இருந்தேன். ஏழைகளுக்காக இப்படி அழுத எழுத்தாளன் வேறில்லை என்பார். நானும் தலையணையை நனைத்திருக்கிறேன்.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அந்த எழுத்தாளரின் நாவலொன்றைப் பெருமையோடு யானிடம் நீட்டினேன். யான் வாங்கவில்லை. எங்கள் செக் மக்களைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தாயா என்று மட்டும் கேட்டார்.

நூலகத்தில் தேடி வாசித்தேன். எல்லாம் கட்டுரைகள். செக்கர், சேர்பியர், பல்கேரியர் எல்லாரும் தம்பிமார், ரஷ்யாதான் மூத்தவர். ரஷ்யா விடுவித்துவிட்டால் நன்றி மறந்து ஐரோப்பாவிடம் ஓடுவார்கள், கடைசியில் அண்ணனிடமே திரும்புவார்கள் என்று எழுதியிருந்தார். போலந்துக்காரர்மேல் வெறுப்பே தெரிந்தது. கொலைகாரனுக்கும் இரங்கிய மனிதர் இவர். ஊரிலும் அப்போதுதான் எங்களைக் காக்க வந்த பெரியண்ணனின் அமைதிப்படை எங்கள்மேலேயே சுட்டுக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் சிவம் அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ஓம், அதுகளை முந்தியே வாசிச்சனான்" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ அவரை வாசிச்சிருப்பியோ?"

எழுத்தாளரைவிட அண்ணைதான் என்னை நோகவைத்தார். எனக்கு எதைத் தரலாம், எதை மறைக்கலாம் என்று அவரும் ஒரு மூத்தவராக நின்று முடிவெடுத்திருக்கிறார். அடுத்த கிழமையே மோர்டனில் அறை எடுத்துப் போனேன். அவர் தடுக்கவில்லை. சோற்றுப்பானையை நீயே கொண்டுபோ என்றார்.

எல்லைகள் திறந்ததும் யான் ஊருக்குத் திரும்பினார். அண்ணை கனடா போய் அங்கேயே காலமானார். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அந்த எழுத்தாளரை இன்றும் வாசிக்கிறேன், அவரைப்போல எழுத ஆளில்லை. ஆனால் அழுகை வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன். இந்த இரக்கத்துக்கு வெளியே யாரை விட்டிருக்கிறார் என்று தேடுகிறேன். அவர் சொன்னதையெல்லாம் நம்பி, கண் நிறைந்து எழுத்து மங்கிக் கிடந்த பின்னேரங்கள் பிறகு வரவேயில்லை.