கோரமண்டலுக்குக் கை தூக்கப் போன கதை

2000ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து கோலார் தங்க வயலுக்கு ஒரே ஒரு வேலையாகப் போனேன். கை தூக்குவதுதான் வேலை. அங்கே கோரமண்டலில் என் தங்கச்சி விஜயா இருக்கிறாள். அவள் மகன் குமார் ஆறாவது படிக்கும் அரசுப் பள்ளியில் தமிழ் வகுப்புகளை மூடப்போவதாகப் பேச்சு. பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்களாம். ஊர்க்காரர்கள் கருத்தைக் கேட்க அதிகாரி வருகிறார் என்று போன் போட்டாள். சின்னவள் ரேவதியை அந்த வாரம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவேண்டும். "ஆள் நெறைய தெரியணும்ண்ணா, வந்து நில்லு" என்றாள். எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தவணையில் முடித்த என்னையும் கல்வி விஷயமாகக் கூப்பிடுகிறார்களே என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கண்டோன்மெண்டில் காலை ஆறரைக்குப் பாசஞ்சர். பங்காருபேட்டை வரை எழுபது கிலோமீட்டர், அங்கிருந்து மாரிக்குப்பம் லைனில் இன்னும் பத்து. டிக்கெட் பதினேழு ரூபாய். எதிரே பெங்களூருக்கு வரும் வண்டியில் ஜனம் வாசலில் தொங்குகிறது. நான் ஏறிய பெட்டியில் காலை நீட்டிப் படுக்கலாம். படுத்தேன். பங்காருபேட்டையில் டீக்காரர் தட்டி எழுப்பினார்.

ஒன்பதரைக்குக் கோரமண்டல். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. வழியெல்லாம் கும்பல் கும்பலாக ஆட்கள். சுரங்கத்தையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்த சமயம். யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. அது வழக்கம்தான்.

பள்ளி மைதானம் நிரம்பியிருந்தது. விஜயாவின் வீட்டுக்காரர் மணி, சுரங்கத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் குளிக்காமல்கூட வந்து நின்றார். கேட்டுக்கு வெளியே போலீஸ் ஜீப். அதிகாரி மெலிந்த மனிதர், கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். எல்லோருக்கும் புரிந்தது. தமிழ் வகுப்பு வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

மைதானமே கை தூக்கியது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். பின்னால் விசில் பறந்தது. விஜயா என்னைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அதிகாரி அசரவில்லை. நல்லது, கையை இறக்காதீர்கள் என்றார். இந்த வருஷம் தங்கள் பிள்ளையை இங்கே தமிழில் படிக்க வைப்பவர்கள் மட்டும் அப்படியே வைத்திருங்கள், மற்றவர்கள் இறக்கலாம் என்றார்.

கொஞ்ச நேரம் ஒரு கையும் அசையவில்லை. அப்புறம் முன்வரிசையில், அதிகாரி வருவதற்கு முன் தமிழுக்காக மைக் பிடித்து முழங்கிய ஒருவர் கையை இறக்கித் துண்டைச் சரிசெய்தார். அவ்வளவுதான், ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. என் மகள் பெங்களூரில் இங்கிலீஷ் மீடியம். ஒரு கையைத் தலை சொறிவதுபோல இறக்கினேன், இன்னொன்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டேன். கடைசியில் நின்ற கைகளை அதிகாரி விரலை நீட்டி எண்ணக்கூட இல்லை, பார்த்தாலே தெரிந்தது. அதில் விஜயாவும் மணியும் ஆளுக்கு ஒன்று.

பின்னால் யாரோ ஒருவர் கல்லைப் பொறுக்கினார். மணிதான் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்தார். "போடு கீய. நம்ம கையி எறங்குனதுக்கு அந்தாளு இன்னா பண்ணுவாரு?"

முடிவை அங்கேயே சொன்னார் அதிகாரி. இப்போது படிப்பவர்கள் ஏழாவது வரை தமிழிலேயே முடிக்கலாம். ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாகச் சேர்க்கை கிடையாது. கன்னட வகுப்பு இருக்கிறது, அதில் சேருங்கள். குமார் தப்பித்தான். ரேவதிக்கு இடமில்லை.

வீட்டில் விஜயா சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது சொன்னாள், "சின்னத நீ இட்டுனு போண்ணா. உன் பொண்ணு போற ஸ்கூல்லயே போடு."

மணி தட்டைத் தள்ளினார். "இன்னாத்துக்கு? பக்கத்து ரூம்ல கன்னடா கிளாஸ் கீதே. இங்க பொறந்தவதானே, நல்லா பேசுவா."

"கன்னடா பேசறதுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்ல. சொரங்க சாஃப்ட்ட மூடிட்டா நீ எங்க போவ? பெங்களூருக்குத்தானே? அப்ப நடுவுல அந்தக் கொயந்தைய இன்னொரு வாட்டி பிடுங்கி நடணுமா?"

மணி என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்க சொல்லுங்க." வகுப்பு நிலைக்கவேண்டும் என்று வந்தவன் நான். எனக்கு விக்கல்தான் வந்தது. தண்ணீர் கொடுத்தது ரேவதி.

மூன்றேகால் வண்டிக்கு ரேவதியின் துணிப்பையை மணிதான் தூக்கிக்கொண்டு வந்தார். விஜயா ஸ்டேஷனுக்கு வரவில்லை. வண்டி நகர்ந்ததும் ரேவதி, "மாமா, அங்க மிஸ்சு நம்ம மாதிரி பேசுவாங்களா?" என்று கேட்டாள். பேசுவாங்க என்றேன். அந்தப் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். என் மகள் ஏற்கெனவே கட்டியிருக்கிறாள்.

அரசாங்கம் எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. எண்ண வந்த அன்றைக்கே ஒருத்தியைக் குறைத்துக்கொண்டு வந்தவன் நான், அதனால் அதிகம் பேச அருகதையில்லை.

போகிறவர்களுக்கு: காலை வண்டியே நல்லது, உட்கார இடம் நிச்சயம். கோரமண்டல் கவுண்டர் வண்டி வரும் நேரத்துக்குத்தான் திறக்கும், சில்லறை கையில் இருக்கட்டும். டீ, டிபன் பங்காருபேட்டையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது நிறைந்த குழந்தைக்கு அரை டிக்கெட் கட்டாயம். ரேவதிக்கு வாங்கினேன், ஒரு வழிக்கு மட்டும்.