மாஷின் மடியில் ஒரு தாமரைக் கிழங்கு

கொச்சுராணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவாள். பொங்குவதற்குள் இறங்கி வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. வராத நாட்களில் அவள் புருஷன் பவுலோஸ் கீழேயிருந்து, "ராணியே, பாலும் உன் தாமரைக்குத் தண்ணி ஊத்தக் கெளம்பிருச்சு" என்று குரல் கொடுப்பார்.

மாடி முழுக்கத் தாமரைத் தொட்டிகள். அடியில் சாணமும் வயல் சேறும், மேலே தண்ணீர், கொசுப்புழுவைத் தின்ன நாலைந்து கப்பி மீன்கள். வெள்ளை, ரோஜா நிறம், ஓரம் மட்டும் சிவந்தது என்று பூக்கள். மாதா திருநாளுக்கு எங்கள் தேவாலயப் பீடத்தில் வைக்கிற வெள்ளைத் தாமரை அவள் கொடுப்பதுதான்.

இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து திருச்சூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் அவள் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்தபோது பவுலோஸின் அண்ணன்மார் முகம் சுளித்தார்கள். "உக்காந்து பாக்குற வேலை குடுத்தா நான் ஒரே மாசத்துல செத்துருவேன். அதுக்கு இது தேவலைல்ல" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினவள்தான். நான் பாலக்கல்லில் ஒரு கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் அவள் பஸ்தான். ஜெபமாலை சொல்லி முடிக்கவும் என் ஸ்டாப் வரவும் சரியாக இருக்கும். நடுவில் அவள் போனைக் காதருகே கொண்டுவந்து, "சேச்சி, இதைக் கேளுங்க" என்று கெடுக்காமல் இருந்தால்.

போனில் கேட்க வைப்பது தாமரைக் குரூப்பில் வரும் பேச்சுகளை. கேரளம் முழுக்க ஆட்கள் இருக்கிற குரூப் அது. கிழங்கு கேட்பார்கள், கொடுப்பார்கள், பூத்ததைப் படம் போடுவார்கள். கொச்சுராணிக்குத் தட்டச்சு செய்ய நேரமேது. எல்லாம் குரல் செய்திதான். "கிழங்கோட மூக்கு, அந்த முளை நுனி, மேல பாத்து இருக்கணும் மோளே, சேத்துல அமுக்கிடாத... ஊரகம், ஊரகம் எறங்குங்க... அமுக்குனா அழுகிரும்... சில்லறை குடுங்க சேட்டா" என்று போகும். அதைக் கேட்டுத் தாமரை வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். ஊரகம் என்பது ஏதோ உரத்தின் பேர் என்று நினைத்துக் கடையில் போய்க் கேட்டவரும் உண்டாம்.

அந்தக் குரூப்பில் எல்லாருக்கும் பெரியவர் சாத்துண்ணி மாஷ். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சேர்ப்பு என்ற ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறார். மாப்ராணத்தில் எங்கள் பஸ்ஸில்தான் ஏறுவார், பெண்கள் இருக்கைக்கு அடுத்த வரிசையில் ஓரமாக உட்காருவார். நின்றுகொண்டு வருகிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். மாஷ் அதில் ஒருபடி மேலே. கேட்காமலே கை நீட்டி வாங்குவார். புத்தகப் பை, சோற்றுப் பாத்திரம், மீன்கூடை எல்லாம் அவர் மடியில் ஏறும். சில நாள் கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரியும்.

அதே மனிதர் குரூப்பில் வேறு ஆள். புதிதாக வருகிறவர்கள் எதையாவது தப்பாகக் கேட்டால் பிடித்துக்கொள்வார். கொச்சுராணி முதல்முதலாகக் கிழங்கின் படத்தைப் போட்டு எது மேல்பக்கம் என்று கேட்டபோது, "உங்க வீட்டுக்காரரைத் தலைகீழா நிறுத்திப் பாருங்க, எது மேல்பக்கம்னு தெரியும்" என்றாராம். நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். "அன்னிக்கு ராத்திரி கஞ்சி எறங்கல சேச்சி" என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டாள். மாஷே பிறகு அவளுக்கு நல்ல கிழங்கு கொடுத்தார். மாஷைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. அவர் வேறு யாரையாவது கிண்டலடித்தால் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் தவிப்பாள், அவ்வளவுதான்.

றம்லத் கருவன்னூரில் ஏறுகிற பெண். திருச்சூரில் ஒரு துணிக்கடையில் வேலை. அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்கார விடமாட்டார்கள். கொச்சுராணி டிக்கெட் கிழித்துக்கொண்டே போனில் காட்டிய வெள்ளைப் பூவைப் பார்த்து அவள் கண் விரிந்தது. "சேச்சி, இது பெயின்ட் வாளியில வருமா? வாடகை வீடு, மண்ணு கெடையாது. எனக்குன்னு ஒண்ணு வளக்கணும்" என்றாள். மறுநாளே ஈரத்துணியில் சுற்றிய கிழங்கு ஒன்று கருவன்னூர் ஸ்டாப்பில் கைமாறியது. கூட்டத்தில் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. "குரூப்புல சேத்துவிடுறேன் மோளே. எதுன்னாலும் அங்க கேளு. எல்லாரும் நல்ல மனுஷங்க" என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்குதான் அவளைப் பிறகு தூங்கவிடாமல் செய்தது.

தாமரைக்கு முதலில் வரும் இலைகள் காசு அளவில், தண்ணீர் மேல் சோர்ந்து படுத்துக் கிடக்கும். பார்த்தால் நோய் வந்தது போல இருக்கும். கிழங்குக்கு மூச்சே அவைதான். றம்லத் அதைப் படம் எடுத்துப் போட்டு, "இலையெல்லாம் எழும்பவே இல்லை, வெட்டிவிட்டால் பெரிய இலை வருமா?" என்று கேட்டிருக்கிறாள்.

மாஷின் குரல் வந்தது. "வெட்டணும் வெட்டணும். வேரோட ஒட்ட வெட்டி, வெங்காயம் சேத்து, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வைங்க. சாயாவுக்கு நல்லாருக்கும்."

பழகின ஆட்களுக்கு அது தமாஷ். புதிதாக வந்தவளுக்கு எப்படித் தெரியும்? வெங்காயச் சாறும் எலுமிச்சையும் செடிக்குத் தெளிக்கிற மருந்து போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். கையை நீருக்குள் விட்டுத் தண்டுகளை அடியோடு வெட்டினாள். அப்படி நீருக்கு அடியில் வெட்டினால் தண்டின் துளை வழியே தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகும். வெட்டிய இலைகளைத் தட்டில் அடுக்கிப் படம் போட்டு, "வெட்டிட்டேன் சார், எலுமிச்சை எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாள்.

பள்ளிக்கூட நேரம். படியில் பிள்ளைகள் தொங்குகிற கூட்டம். கொச்சுராணி திருச்சூர் போய்ச் சேர்ந்து போனை எடுத்தபோது குரூப் முழுக்கச் சிரிப்புப் படங்கள். ஒருவர் உப்பு எவ்வளவு என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: றம்லத் வெளியேறிவிட்டார்.

அன்றிலிருந்து கொச்சுராணியின் கால் தரையில் நிற்கவில்லை. போன் அடித்தால் றம்லத் எடுக்கவில்லை, குரல் செய்தியையும் திறக்கவில்லை. கருவன்னூர் வந்தால் இவள் படியில் இறங்கி எட்டி எட்டிப் பார்ப்பாள். றம்லத் இல்லை, முந்தின பஸ்ஸில் போகிறாள் போல. ஒருநாள் மீதிச் சில்லறையை ஆள் மாற்றிக் கொடுத்தாள். இன்னொரு நாள் பெல் அடிக்க மறந்து, டிரைவர் ஜோபி திரும்பிப் பார்த்து, "என்ன, இங்கேயே குடியிருக்கப் போறமா?" என்று கேட்டான்.

"அது அழுகிரும் சேச்சி" என்றாள் என்னிடம். "இப்பவே எடுத்துக் கழுவி, கெட்ட பக்கத்தை அறுத்துட்டு, நல்ல தண்ணியில போட்டா பொழைக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கெடைக்க மாட்டேங்குதே."

"மாஷ்கிட்ட பேசிப் பாத்தியா?"

"என்னன்னு பேச? அவர் குடுத்த கெழங்கோட பிள்ளைதான் அது."

குரூப்பில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பேசிப் பேசி அழித்தாள். எதையும் அனுப்பவில்லை. நான் மாதாவிடம் சொல்லி வைத்தேன். ஒரு கிழங்குக்காக ஜெபிக்கலாமா என்று யோசித்தேன், வயல் பூக்களைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறாரே என்று தோன்றியது.

ஒரு காலையில் கருவன்னூரில் றம்லத் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. ஏறியதும் கூட்டம் அவளை உள்ளே தள்ளிவிட்டது. கொச்சுராணி முன் கதவில் மாட்டிக்கொண்டாள்.

"சேச்சி, இதை உங்ககிட்ட திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று றம்லத் தலைகளுக்கு மேலே சொன்னாள்.

அதற்குள் வழக்கப்படி ஒரு கை நீண்டு பையை வாங்கிக்கொண்டது. சாத்துண்ணி மாஷ். குரூப்பில் இலையைப் பற்றிக் கேட்டவள் இவள்தான் என்று அவருக்குத் தெரியாது, பதில் சொன்ன மாஷ் இவர்தான் என்று இவளுக்கும் தெரியாது. இரண்டு பேரையும் தெரிந்தவள் முன் கதவில் நின்று, "வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று முண்டிக்கொண்டிருந்தாள்.

நான் மாஷுக்கு எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். பை ஈரமாக இருந்தது, அவர் வேட்டி நனைந்தது.

"என்ன மோளே, மீனா?"

"இல்ல சார், தாமரைக் கெழங்கு."

மாஷ் முகம் மலர்ந்துவிட்டது. பையைத் திறந்து துணியை விலக்கினார். பிறகு முகம் மாறியது.

"அடடா. யாரு இப்படி வெட்டினது? தண்ணிக்கு அடியில வெட்டக் கூடாதே. பரவாயில்ல, பயப்படாத. இங்க பாரு, கறுத்துப்போன இந்தப் பக்கத்தை அறுத்துரலாம். இந்தக் கணுவுல ஒரு மூக்கு உயிரோட இருக்கு. சின்னதுதான், ஆனா இருக்கு. இதைத் தொடாம வெச்சாப் போதும்." எவ்வளவு பொறுமையாகச் சொன்னார் தெரியுமா. சொந்த மகளிடம் பேசுவது போல.

றம்லத் கிழங்கைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அவள் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாளோ.

"யாரு மோளே வெட்டச் சொன்னது?" என்று மாஷ் மறுபடி கேட்டார்.

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். ஊரகம் வந்ததும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் போக வேண்டியது திருச்சூர் வரைக்கும். பை மாஷ் மடியிலேயே கிடந்தது.

"ஏய் மோளே, பை, பை" என்று அவர் ஜன்னலில் எட்டிக் கூப்பிட்டார். பஸ் நகர்ந்துவிட்டது.

அப்போதுதான் கொச்சுராணி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"யாரு கொச்சுராணி அந்தப் பிள்ளை? கெழங்கை விட்டுட்டுப் போயிருச்சே."

"சாலட் மாஷே" என்றாள் அவள். "வெங்காயம் சேத்து, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு."

மாஷுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் வெளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்றார்.

"உங்க மொகத்தைப் பாத்தாத்தான் மாஷே வெளையாட்டுன்னு தெரியும். அவ குரலை மட்டும்தானே கேட்டா. பெரியவர் சொல்றாரேன்னு நம்பிச் செஞ்சுட்டா."

சேர்ப்பு வந்தது. மாஷ் இறங்கவில்லை. "மாஷே, உங்க ஸ்டாப்" என்று யாரோ சொன்னார்கள். அவர் துணியை மெல்ல மூடிக்கொண்டிருந்தார். நான் பாலக்கல்லில் இறங்கும்போதும் பை அவர் மடியில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு குரூப்பில் மாஷின் பேச்சே இல்லை. உடம்புக்கு என்ன என்று ஆட்கள் விசாரித்தார்கள். காலையில் மட்டும் மாப்ராணத்தில் ஏறி, கருவன்னூரிலேயே இறங்கி நிற்பார். கையில் மூடி போட்ட சின்ன வாளி. போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துவிட்டு, டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று அடுத்ததில் ஏறிப் போவாராம். கொச்சுராணி றம்லத்துக்கு மறுபடி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "மோளே, கெழங்கு பொழைச்சிருக்கு. நீ எப்பவும் ஏறுற ஸ்டாப்புல ஒரு வாளி நிக்குது, கூட ஒரு கெழவரும் நிக்கிறாரு. ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்க." கேட்டாளா என்று தெரியவில்லை. பதிலும் வரவில்லை. கொச்சுராணி நகம் கடிப்பதை விடவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலை. கருவன்னூரில் பஸ் நின்றபோது வாளி தரையில் இருந்தது, மூடி திறந்திருந்தது. மாஷ் குனிந்து விரலால் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே றம்லத், கையைக் கட்டிக்கொண்டு, இன்னும் முகம் இறுகியபடியே. வாளிக்குள் காசு அளவில் ஓர் இலை படுத்துக் கிடந்தது.

ஆட்கள் ஏறியாயிற்று. கொச்சுராணி பெல் அடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி படியில் நின்றாள்.

"கொச்சுராணி, பின்னாடி வண்டி வந்துருச்சு" என்றான் ஜோபி. பின்னால் ஹாரன் அலறியது.

"வரட்டும்."

"டைம் போச்சுன்னா முதலாளிக்கு யாரு பதில் சொல்றது? உன் தாமரையா?"

"ஒரு நிமிஷம் ஜோபி. அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு."

றம்லத் கட்டிய கையைப் பிரித்தாள். உட்கார்ந்தாள். வாளியைப் பார்த்து ஏதோ கேட்டாள். மாஷ் பதில் சொன்னார். உடனே இன்னொன்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அதற்கும் சொன்னார். கடைக்கு நேரமாகும் என்ற நினைப்பே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "சேச்சி, நீங்க போங்க. எனக்கு இன்னும் கேக்க வேண்டியிருக்கு" என்றாள்.

கொச்சுராணி இரட்டைப் பெல் அடித்தாள். பஸ் கிளம்பி வளைவு திரும்பும் வரைக்கும் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். டிக்கெட் கேட்டவர்கள் காத்திருந்தார்கள்.