கதவோரத்தில் உடைந்த கூடு

பீடோங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் நான். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் பாலிங்கில் பாலம் கட்டினேன், மெர்கோங்கில் வீடுகளை வரிசையாக எழுப்பினேன். நான் கட்டிய தண்ணீர்த் தொட்டி எந்த வெள்ளத்திலும் அசைந்ததில்லை.

அந்த நல்ல பெயரைக் கேள்விப்பட்டுத்தான் ஓர் ஆய்வுக்கூடம் என்னை அழைத்தது. அணு உலையில் பெரிய விபத்து நடந்தால், சுற்றியுள்ள கான்கிரீட் கூடு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம். நான் ஆளுயர மாதிரிக் கூடு கட்ட வேண்டும். அவர்கள் உள்ளே தண்ணீரை ஏற்றி உடைப்பார்கள்.

வரைபடத்தில் கதவுத் துளையைச் சுற்றிக் கம்பி மிக நெருக்கம்.

“தம்பி, இதுல கான்கிரீட் இறங்காது” என்றேன் ஆய்வுக்கூடத்து இன்ஜினியரிடம்.

“அண்ணே, நீங்க சிமெண்ட் கலக்குங்க லா. படிச்சது நான்” என்றான், என் ஆட்கள் முன்னால். அவர்கள் சிரித்தார்கள்.

கான்கிரீட் இறுகியபின் பலகையைப் பிரித்ததும் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். கதவோரம் உள்ளே கான்கிரீட் நிரம்பாமல் பொள்ளல் விழுந்திருக்கிறது என்று சத்தமே சொன்னது. நான் அவனிடம் சொல்லவில்லை. மேலே வழவழவென்று பூசி மறைத்தேன். ஊரறிய அவன் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன்.

சோதனையன்று, தாங்கும் என்று அவன் சொன்ன அழுத்தத்தில் பாதி ஏறுவதற்குள் கதவோரத்தில் தண்ணீர் பீறிட்டது. அவன் முகம் வெளுத்தது. எனக்கு இனித்தது.

பிறகு அறிக்கை வந்தது. கம்பி நெருக்கம் ஆபத்து என்று அவனே கண்டுபிடித்தானாம். மகள் படித்துக் காட்டினாள்.

நிஜ உலையிலும் எவனாவது கோபத்தில் இப்படிப் பூசியிருந்தால்? ஆனாலும் அவன்மேல் கோபம் ஆறவில்லை. ஆய்வுக்கூடத்துக்காரர்களே, அந்த அறிக்கையில் என் பெயரைப் போடுங்கள். எச்சரித்தவனும் நான், மறைத்தவனும் நான். இரண்டையும் எழுதுங்கள்.