தண்ணீர் இல்லாமல் எரித்த தவலை

அன்று ஜேடர்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஐந்து பேர்: நான், பிள்ளை பெற்று ஐந்தாம் நாளான என் மனைவி, அந்தக் குழந்தை, என் மாமியார், செம்புப் பாத்திரம் பற்றவைக்கும் பாய்.

முந்தின நாள்தான் பாய் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு வெந்நீர்த் தவலையின் ஓட்டையை ஈயத்தால் அடைத்துக் கொடுத்திருந்தார். எனக்கோ பயம். பற்று ஈரமாக இருந்து மறுபடி ஒழுகினால் மார்கழிக் குளிரில் அவளுக்கு எதில் வெந்நீர் வைப்பது? நன்றாகக் காயட்டும் என்று தண்ணீர் ஊற்றாமலே அடுப்பை மூட்டினேன். ஈயம் உருகி ஓடிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

“ஏனுங்க பாய், ரூவா வாங்கத் தெரியுது, பத்து வெக்கத் தெரியலீங்களா? எம்புள்ள குளிர்ல நடுங்கறா” என்றார், ஒழுகுகிற தவலையைக் காட்டப் பாயை வரவழைத்த மாமியார்.

பாய் தவலைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கருகியிருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார்.

“என் தப்புதானுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, புதிதாகச் செம்புத் தகடு வைத்து அடைத்தார். அன்று மதியமே என் மனைவி வெந்நீரில் குளித்தாள்.

புறப்படும்போது வாசலில் என்னிடம் மட்டும், “தண்ணியில்லாம எரிக்காதீங்க சாமி. கூலி வேண்டாம், தகட்டுக் காசு ஒன்னேகா ரூவா மட்டும் இருக்கறப்போ குடுங்க” என்றார். என் மடியில் காலணா இல்லை. மாமியாரிடம் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பாய்க்குத் தொழில் தெரியாது என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எந்த ஊருக்குப் போனார் என்றும் தெரியவில்லை.

அவருக்கு நான் தர வேண்டியது ஒன்றேகால் ரூபாய்.