குறைத்துப் போட்ட நட்சத்திரம்

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள் என்று தெரியும். ஆக்கட்டும். சொல்ல வந்த விஷயத்தில் கை வைத்தால் மட்டும் விடமாட்டேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நட்சத்திரம் எண்ணத் தெரியும். எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் வீட்டில் செய்வதை விற்க, கைப்பேசியில் ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் அதில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவார்கள். நடத்துபவள் ஐந்தாம் மாடிக்காரி. முன்பு ஆபீஸ் வேலை, இப்போது அன்னாசிப்பழம் வைத்த தார்ட் என்ற பலகாரம் சுட்டு விற்கிறாள். நான் விற்பது மீன் கறித் தூள். மிளகாய் வறுக்கும் நாளில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் தும்முவார்கள். கீழ்வீட்டுச் சீனக் கிழவர் ஆரம்பத்தில் என்னை முறைத்தார். இப்போது அவரே ஒரு பொட்டலம் வாங்குகிறார், மீன் பொரிக்கவாம். சரி, அது வேறு கதை.

தீபாவளி நெருங்கும்போது ஐந்தாம் மாடிக்காரி என் வாசலில் வந்து நின்றாள்.

"பாட்டி, இந்த வருசம் தீபாவளி சந்தைக்கு மண்டபத்துல எடம் கம்மி. நட்சத்திரம் கொறச்சலா உள்ளவங்களுக்கு மேசை இல்லன்னு முடிவு பண்ணிட்டோம். உங்களுக்குக் கொறச்சல்தான் லா."

மண்டபத்து மேசை இல்லையென்றால் எனக்கு வியாபாரமே இல்லை. அங்கே வந்து முகர்ந்து பார்க்கிறவர்கள்தான் பிறகு வருடம் முழுக்க வாங்குகிறார்கள். கைப்பேசிக்குள் என் தூள் எப்படி மணக்கும்?

"தூள் சரியில்லன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் போன் போட்டு, அஞ்சா மாத்தச் சொல்லுங்க. மத்தவங்க அப்படித்தான் செய்யறாங்க."

"கெஞ்சி வாங்கச் சொல்றியா? அது மட்டும் நடக்காது. ஏன் கொறச்சாங்கன்னு வேணா கேக்கறேன்."

பிறை ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த மகளை உட்கார வைத்து, ஒவ்வொருவருக்காகப் போன் போடச் சொன்னேன். முதலில் புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்காரி. மாதம் தவறாமல் வாங்குகிறவள்.

"ஐயோ பாட்டி, உங்க தூள் இல்லாம என் வீட்ல சமையலே இல்ல! அதான் நாலு போட்டேன். அஞ்சும் போட்டா கண்ணு பட்டுரும்ல? என் மவன் நல்லா படிச்சாக்கூட, வெளிய சுமார்னுதான் சொல்லுவேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பேத்தி பிறந்தபோது, அழகான பிள்ளை என்று சொன்னவர்களிடம் "கறுவாச்சி" என்று நானும்தான் சொன்னேன்.

அடுத்தது சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பி. அவர் போட்டிருந்தது ஒரே ஒரு நட்சத்திரம்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் ஒங்கக்கிட்ட ஓடி வந்துட்டா, என் கடைக்குத் தூள் எங்க மிஞ்சும்?"

"அடப்பாவி! நல்லா இருக்குன்னா ஒண்ணு போட்ட?"

"நல்லா இருக்கப் போயிதானே!"

மகள் சிரித்த சிரிப்பில் கைப்பேசி கீழே விழுந்தது. இன்னொருத்தி இரண்டு போட்டிருந்தாள். தூள் அருமையாம், ஆனால் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தவர் மழையில் பொட்டலத்தை நனைத்துவிட்டாராம். மழைக்கும் நான்தான் பொறுப்பு!

மூன்று பேருக்கும் என் தூள் பிடித்திருக்கிறது. மூன்று பேரும் என்னைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். ஐந்து வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தினம் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு யார் குறைத்துப் போடுவார்கள்? நேராக ஐந்தாம் மாடிக்குப் போனேன்.

"ஒன் நட்சத்திரத்துல தப்பு இருக்கு. எத்தன போடலாம்னு கேட்டா, ஆளுக்கு ஒரு கணக்குல போடறாங்க. வாங்கிட்டுப் போயி என்ன செஞ்சீங்கன்னு கேளு."

"எல்லா எடத்துலயும் அஞ்சு நட்சத்திரம்தான் பாட்டி. மாத்துனா சனங்களுக்குப் புரியாது."

"இப்ப மட்டும் புரியுதா?"

அவள் தேநீர் போடப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்லி முடித்தேன். நட்சத்திரத்துக்குப் பதிலாக, வாங்கியவர் சொல்ல நான்கே படி: தூக்கிப் போட்டுவிட்டேன். யாராவது கொடுத்தால் சாப்பிடுவேன். மறுபடி வாங்குவேன். சொந்தக்காரர்களுக்கும் வாங்கிக் கொடுப்பேன். ஒளிந்துகொள்ள நடுப்படி கிடையாது. யாரும் யாரையும் புகழவில்லை, அப்புறம் எங்கிருந்து கண் படும்? பொட்டலம் வந்து சேர்ந்த விதத்துக்குத் தனிக் கேள்வி. என்னைப் போன்றவர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம்: குப்பைத் தொட்டி, தட்டு, சந்தைக்குக் கொண்டுபோகும் பசார் பை, இரண்டு பசார் பை. யார் அழுத்தினார்கள் என்று பெயர் காட்டக் கூடாது.

"பெரிய ஆளு லா நீங்க," என்றாள். பாராட்டா, கடுப்பா, தெரியவில்லை. ஆனால் மாற்றினாள். எல்லோரிடமும் புதிதாகக் கேட்டார்கள்.

எனக்கு வரிசையாகப் பசார் பை விழுந்தது. கடைக்காரத் தம்பி ஒரு பையோடு நிறுத்திக்கொண்டதாக அவரே சொன்னார். அடுத்தவருக்கு வாங்கித் தர அவருக்கு மனம் இல்லை, அது உண்மைதானே! காரம் கூடுதல், பாதிதான் போடுகிறோம் என்றும் சிலர் கீழே எழுதியிருந்தார்கள். எனக்கு மேசை கிடைத்தது.

அன்று சாயங்காலமே ஐந்தாம் மாடிக்காரி இறங்கி வந்தாள்.

"பாட்டி, என் தார்ட்டுக்கு ஒரு தட்டுப் படம் விழுந்திருக்கு. நீங்கதானே?"

பெயர் காட்டக் கூடாது என்று சொன்னவளே நான்தான். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

"நாந்தான்."

"போன வருசம் அஞ்சு போட்டீங்களே!"

"அப்ப எத்தனன்னு கேட்ட, போட்டேன். இப்ப காசு குடுத்து வாங்குவியான்னு கேக்கற. குடுத்தா சாப்பிடுவேன். சீனி ரொம்ப அதிகம்மா."

இரண்டு நாள் என்னைக் கண்டால் லிஃப்டில் ஏறாமல் படியில் போனாள். மண்டபத்தில் என் மேசைக்குப் பக்கத்திலேயே அவள் மேசை. ஒரு தார்ட்டை என் பக்கம் தள்ளினாள். சீனியைக் குறைத்திருந்தாள். நன்றாக இருந்தது. காசு கொடுத்து ஒரு டப்பா வாங்கினேன்.

"அப்ப நீங்க காரத்தக் கொறக்கலாம்ல பாட்டி? ஒங்களுக்கும் சொல்லியிருக்காங்கல்ல?"

"அவங்க பாதி போட்டுக்கட்டும்," என்றேன். "மீன் கறின்னா மூக்குல தண்ணி வரணும்."