குடும்பப் பெயர் இல்லாதவள்

கல்யாணமாகி பல்லேபொலவுக்கு வந்தபோது, தமிழ் பேசும் வீட்டுக்குத்தானே போகிறோம் என்று நினைத்திருந்தேன். கடையநல்லூரில் பிறந்தவளுக்கு இலங்கை ஒரு தூரமா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் விசா புதுப்பிக்கும் நாட்கள் நெருங்கினால் என்னால் வீட்டில் உட்கார முடியாது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

அந்த வருடம் விசா முடிய இருந்த வாரத்தில் தம்பி அழைத்தான். வாப்பாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன், உடனே கிளம்பி வா என்றான். விசாவை நீட்டிக்காமல் நாட்டை விட்டுப் போனால், திரும்பி வர எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீட்டிக்கவோ, நான் கணவரோடு இந்த ஊரில்தான் வாழ்கிறேன் என்று கிராம சேவகர் கடிதம் தர வேண்டும். அதில் பிரதேச செயலாளர் ஒப்பமிட வேண்டும்.

கணவர் ஆசிரியர். அன்று அவருக்குப் பரீட்சை மண்டபத்தில் வேலை. அதனால் அவருடைய உம்மா, என் மாமி, என்னோடு கிளம்பினார். எனக்குச் சிங்களம் வராது. மாமியோ சந்தை வியாபாரிகளையே சிங்களத்தில் மடக்கிவிடுவார். எங்கள் கிராம சேவகர் பயிற்சிக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் பார்ப்பவரைத் தேடி முச்சக்கரவண்டியில் பக்கத்துப் பிரிவுக்குப் போனோம். அவர் மரம் விழுந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். அங்கேயே போய்ப் பிடித்தோம். முறிந்த பலாக்கிளைகளுக்கு நடுவில் நின்றபடி எழுதிக் கொடுத்தார்.

பிரதேச செயலகத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய ஊழியர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மாமி பதில் சொன்னார். மறுபடியும் கேட்டார். மாமியின் குரல் உயர்ந்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது, வாப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. கிராம சேவகரோ கணவர் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எப்படி நம்புவது என்பது அந்த ஊழியரின் கேள்வி.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க யாருன்னு கேக்குறார் மகள். நான் என்னத்தச் செல்ல?"

பக்கத்து மேசையிலிருந்த அதிகாரி எழுந்து வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அழாதேங்கோ தங்கச்சி. இந்த முதலெழுத்து உங்கட தகப்பன்ர பேர்தானே?"

அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சக ஊழியரிடம் நிதானமாகப் பேசி, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தார். செயலாளர் மாத்தளையில் கூட்டத்தில் இருந்தார். வாப்பாவின் ஆபரேஷனைப் பற்றி மாமி சொன்னார். அந்தப் பெண் எங்களை நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருப்பதாகவும், ஒரு காய்ச்சல் என்றால்கூடத் தான் போய்ச் சேருவதற்குள் அது இறங்கிவிடும் என்றும் சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒப்பம் வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று.

மாத்தளை பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றது. மிளகு மூட்டை ஏற்றினார்கள், இறக்கினார்கள். இடம் இருந்தும் நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"நீங்க எறங்கி பஸ்ஸத் தள்ளவா போறீங்க? உக்காருங்க," என்றார் மாமி.

நல்லவேளை, செயலாளர் புறப்பட்டிருக்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து ஒப்பமிட்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு ஏறினார். இன்னும் என்ன குறையோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தகப்பனுக்குச் சுகமாகட்டும் என்று சொன்னாராம். மாமி சாவகாசமாகத் தேநீர் குடித்து முடித்த பிறகுதான் அதைச் சொன்னார்.

மறுநாள் கணவரோடு கொழும்புக்குப் போய், சாயங்காலம் வரை வரிசையில் காத்திருந்து விசா முத்திரை வாங்கினேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. மேலே விடுவதற்கு ஆதார் அட்டை கேட்டார்கள். அது வீட்டு அலமாரியில் எங்கேயோ இருந்தது. உள்ளூர் போன் நம்பர் கேட்டார்கள். அதுவும் என்னிடம் இல்லை. தம்பி இறங்கி வந்து, இவள் எங்கள் அக்கா என்று சொல்லி அழைத்துப் போனான்.

வாப்பா கண்ணைத் திறந்து, "எப்பமா வந்த?" என்றார். இப்பத்தான் என்றேன். என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். உட்காரச் சொல்லி நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன.