எல்லோரும் தேர்வான நேர்காணல்

நீட் மதிப்பெண் வந்த அன்று சந்தோஷப்பட்டது இரண்டே பேர். ஒன்று நான், முதல் முறை எழுதியதைவிட இந்த முறை கூடியிருந்தது. இன்னொருவர், வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆள் பிடித்து அனுப்பும் ஏஜென்ட். அவருடைய சந்தோஷம்தான் பெரிது. என் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்கு எட்டாத அளவு குறைவாகவும், ஆசையை விட்டுவிட முடியாத அளவு கூடுதலாகவும் இருந்தது. அவர் தொழிலுக்கு அதைவிடத் தோதான மதிப்பெண் கிடையாது. நான் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். எப்படி என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பீன்ஸ் மூட்டையோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நின்ற அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "வாழ்த்துகள் சார், உங்க பொண்ணு டாக்டர்" என்றார். அப்பாவை அதுவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

எங்களுக்கு ஊர் கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சி. சரிவில் கொஞ்சம் பீன்ஸ், சவ்சவ், நாலு வரிசை காப்பி. நான் படித்தது கொடைக்கானலில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு. எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. 'உதவி பெறும்' என்ற இரண்டு சொற்களால் நான் வசதியான வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டேன். அட்டை கடித்த காலோடு விடிகாலை பஸ்ஸுக்கு ஓடியதை எழுத விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

ஏஜென்ட் சொன்ன நேர்காணல் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. முந்தின நாள் அங்கே ஏதோ கல்யாண வரவேற்பு நடந்திருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் இரண்டு பேர் பெயரும் இதயப் படமும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு டிவியை வைத்திருந்தார்கள். அதில்தான் அந்த வெளிநாட்டுக் கல்லூரியின் டீன் வரப் போகிறார்.

நான் ஒரு வாரம் தயார் செய்திருந்தேன். 'ஏன் டாக்டராக விரும்புகிறீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு அக்காவைப் பிரசவத்துக்கு ஜீப்பில் கொண்டுபோன கதையை இங்கிலீஷில் மனப்பாடம் செய்திருந்தேன். கதையில் நான் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். உண்மையில் அன்றைக்கு நான் பள்ளியில் கெமிஸ்ட்ரி தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வர வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் வத்தலக்குண்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கு இது மூன்றாவது நேர்காணலாம்.

"மூணுலயும் செலக்ட் ஆயிட்டேன்" என்றாள், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே. "நாடுதான் மாறும். கேள்வி ஒண்ணுதான்."

என் முறை வந்தது. டிவியில் கோட்டு போட்ட ஒரு மனிதர், பின்னால் ஏதோ நாட்டுக் கொடி. அவர் தன் மொழியில் ஒரு நிமிடம் பேசினார். ஏஜென்ட் அதைத் தமிழாக்கினார்: "உன்னய அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்மா."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

அடுத்து டீன் கேட்டது, குளிர் தாங்குமா என்று. தாங்கும் என்றேன். சாப்பாட்டில் உருளைக்கிழங்கு ஒத்துக்கொள்ளுமா என்றார். ஒத்துக்கொள்ளும் என்றேன். ஜீப்புக் கதைக்கு ஏற்ற கேள்வி இனி வரும் என்று மூச்சை இழுத்தபோது, வெளியே மழை பிடித்து நெட் நின்றது. டீன் ஒரு கண் மூடி ஒரு கண் திறந்த நிலையில் அப்படியே உறைந்துவிட்டார்.

"டீன் யோசிக்கிறாருங்க" என்றார் ஏஜென்ட், அப்பாவைப் பார்த்து.

அவர் யோசித்து முடிக்கும் முன்பே என் கையில் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. என் பெயர், அப்பா பெயர், வண்ண முத்திரை எல்லாம் முந்தின நாளே அச்சடித்தது. மேசையில் இன்னும் ஒரு கட்டு இருந்தது.

அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: "இன்னைக்கு எத்தன புள்ளைக வந்துச்சுங்க?"

"முப்பது பேருங்க சார்."

"அதுல பெயிலானது எத்தன பேருங்க?"

ஏஜென்ட் சிரித்தார். "நம்மகிட்ட பெயிலே கெடையாதுங்க சார். நூத்துக்கு நூறு."

"அப்ப எம்புள்ளைய நீங்க பாக்கவே இல்லியே" என்று சொல்லி, கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அப்பா எழுந்துவிட்டார்.

இன்று யாரிடம் சொன்னாலும் அப்பாவைப் பாராட்டுகிறார்கள். அன்று எனக்கு அவரை ஏரியில் தள்ளிவிடலாம் போலிருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை அவருக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். பஸ்ஸில் ஏறியதும் சொன்னேன்: "இந்த ஒலகத்துல என்னய செலக்ட் பண்ணுன ஒரே ஆளுப்பா அவரு."

அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "சன்னல் ஓரமா ஒக்காரு, வாந்தி வரும்" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. மாநிலக் கலந்தாய்வு என்பது ஒரு இணையதளம். அதில் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு பட்டியல், பிறகு விருப்பக் கல்லூரிகள், பிறகு முதல் சுற்று, இரண்டாம் சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, அந்தத் தேதி மாறியதாக ஒரு அறிவிப்பு. தமிழ்நாட்டில் இருக்கும் எல்லாக் கல்லூரிகளையும் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எனக்கு இடம் தராத கல்லூரிகளை எந்த வரிசையில் விரும்புகிறேன் என்று யோசிக்க மூன்று நாள் ஆனது. கடைசியில் பல் மருத்துவத்தையும் சேர்த்தேன். தளம் கேட்டது, போட்டேன், அவ்வளவுதான்.

மதிப்பெண் வந்த வாரம் டீக்கடைக்காரர் என்னை 'டாக்டரம்மா' என்றார். முதல் சுற்று முடிந்ததும் 'என்னம்மா' என்றார். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு, "பி.எஸ்சி.யும் நல்ல படிப்புதான்" என்றார். நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை. அம்மா மட்டும் தளரவில்லை. யார் கேட்டாலும், "லிஸ்ட்டு வந்துக்கிட்டு இருக்கு" என்றாள், அது பழனியில் பஸ் ஏறிவிட்டது போல.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டுக்கு ஏறி மேல் வளைவில், தடுப்புச் சுவரின் ஒரு மூலையில் நின்றால் இரண்டு கோடு வரும். கடைசிச் சுற்று முடிவு வருகிற நாளில் வெள்ளனே சாப்பிட்டுவிட்டு மேலே போனேன். அந்த மூலையில் ஒரு காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. தனி ஆண். என்னைப் பார்த்தது, பிறகு புல்லைப் பார்த்தது. புல்லே மேல் என்று முடிவுசெய்தது.

நான் பின்வாங்கிக் காப்பிச் செடிகளுக்குள் நின்றேன். பத்து மணிக்குப் போன் ஒரு முறை அதிர்ந்து, பள்ளித் தோழியின் 'வந்துருச்சு, பாத்தியா?' மட்டும் எப்படியோ விழுந்தது. பார்க்கவில்லை. மாடு நகரவில்லை. பதினொரு மணிக்கு அப்பா தேடிக்கொண்டு வந்தார்.

"வெரட்டுங்கப்பா."

"நானா? அது போறப்பத்தான் போகும்."

"ரிசல்ட்டு வந்துருச்சுப்பா!"

"வந்தது எங்க ஓடிரப் போகுது?"

பன்னிரண்டு மணிக்குமேல் ஒரு டூரிஸ்ட் வேன் படம் எடுக்க நின்றது. மாடு அவர்களைப் பொறுக்கமாட்டாமல் சரிவில் இறங்கிப் போனது. நான் ஓடிப்போய் மூலையில் நின்றேன். நூற்றுச்சொச்சம் பக்கப் பட்டியல் இறங்கவே அரை மணி நேரம். விரலால் தள்ளித் தள்ளி என் எண்ணைக் கண்டுபிடித்தேன். அதற்கு நேராக ஒரு அரசுக் கல்லூரி. அதற்கும் நேராக, பி.டி.எஸ்.

"என்ன போட்டுருக்கு?" என்றார் அப்பா.

"பல்லு."

"பல்லா?"

"பல் டாக்டருப்பா." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜீப்புக் கதையில் பென்சிலால் குறித்த இடத்தில்கூட இவ்வளவு வந்திருக்காது.

அப்பா என் போனை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல எல்லாரையும் எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லப்பா. நெறையப் பேருக்கு இல்லைன்னு போட்டுருக்கு."

"அப்ப சரி" என்றார். "வெரசா வா, மழ வருது."

மலையே இல்லாத ஊர்க் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். முதல் வகுப்பில் பேராசிரியர், "இதையே முதல் விருப்பமாகப் போட்டு வந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். எம்.பி.பி.எஸ். கிடைக்காத அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். பேராசிரியர் கண் கலங்கிவிட்டார். இடைவேளையில் அவளிடம் போய், "நெசமாவா?" என்று கேட்டேன்.

"கேள்வி காதுல சரியா விழலப்பா" என்றாள். "அட்டெண்டன்ஸ்னு நெனச்சுத் தூக்கிட்டேன்."

அவளும் நானும் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தோம். இப்போது நான் வத்தலக்குண்டில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் முதுகுவலி, சர்க்கரை, மூட்டு வீக்கம், ஒரு தடவை கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்று ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அப்பா ஊரில் 'டாக்டர்' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறார். பல்வலிக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அதற்கு அவர்களிடம் கிராம்பு இருக்கிறது.